அகத்தித் தீவுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதை முதலில் யோசியுங்கள்

லட்சத்தீவில் இருக்கும் அகத்தித் தீவுக்குப் போய்வந்தேன் என்று தெரிந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். எவ்வளவு செலவாச்சு, தண்ணீருக்கடியில் நிஜமாகவே அப்படித்தான் இருக்குமா? எப்படித் திரும்பி வந்தீங்க என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கும் போவதற்கு முன்னால் அதைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. வீடியோ போடுகிறவர்கள் பச்சைத் தண்ணீரையும் வெள்ளை மணலையும் காட்டுகிறார்கள், கப்பல் வராத நாளைக் காட்டுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சுகர் பல வருஷமாக இருக்கிறது, மாத்திரையில் ஓடுகிறது. வீட்டுக்காரிக்குக் கடல் என்றாலே பயம். பையன் ஓசூரில் கம்பெனி வேலை, லீவு கிடைக்காது. அதனால் தனியாகக் கிளம்பினேன்.

2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு எல்லார் போனிலும் லட்சத்தீவுதான். அப்போது மனதில் விழுந்த ஆசை. ஊட்டி, கொடைக்கானல் போல பஸ் ஏறிப் போய் ரூம் போட்டுக்கொள்ளும் இடம் இல்லை அது. வெளியாள் யாராக இருந்தாலும் நுழைவு அனுமதி வேண்டும். 1967-ல் போட்ட விதி, இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அனுமதிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுலா ஏற்பாட்டின் வழியாகப் போக வேண்டும். என்னிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் கேட்டார்கள். அதற்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு, ஆதாரைப் பார்த்து, "லட்சத்தீவுக்கு எதுக்குங்க?" என்று ஒரு விசாரணையும் நடந்து முடியவே வாரக்கணக்கில் ஆனது. எந்தத் தீவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அனுமதியிலேயே இருக்கும். இந்தக் கடைசித் தேதிதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது. விண்ணப்பிக்கும்போதே நீங்கள் தங்க நினைப்பதைவிட ஒரு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். அதிகம் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஏஜென்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. அனுமதி, போக வரக் கப்பல், தீவுக்காரர் வீட்டிலேயே தங்கல், சாப்பாடு எல்லாம் உட்பட 34,000 ரூபாய் என்றார். கொடுத்தேன். அங்கே போன பிறகுதான் படகுக்குத் தனி, தண்ணீருக்கடியில் பார்க்கப் போடும் முகமூடிக்கும் நீந்தக் காலில் மாட்டும் துடுப்புக்கும் தனி என்று தெரிந்தது. அதுகூடப் போகட்டும். கப்பல் டிக்கெட் அவருடைய லாகினில் போடப்பட்டிருந்தது. கப்பல் ரத்தானால் பணம் எந்த லாகினில் டிக்கெட் போட்டார்களோ அந்தக் கணக்குக்குத்தான் திரும்பும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் டிக்கெட் பணத்தை மட்டும் தனியாக என் பெயரில் கட்டியிருப்பேன். டிக்கெட் உங்கள் கைபேசி எண்ணில், உங்கள் கணக்கில் இருக்கட்டும். "எல்லாம் உட்பட" என்று சொன்னால் எது எது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு கப்பல் ஏறும் கொச்சியில் ஒரு மதிப்பு, தீவில் வேறு மதிப்பு.

தர்மபுரியில் பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஏறினால் சாயங்காலம் எர்ணாகுளம். நமக்கு அது பெரிய வசதி. கிருஷ்ணகிரி நண்பர்களைப் பாருங்கள், மாவட்டத் தலைநகர், ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது, ஓசூருக்கோ தர்மபுரிக்கோ வரவேண்டும். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே எர்ணாகுளம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கப்பல் நேரம் மாறும், அதுவும் கடைசி நேரத்தில் மாறும். கப்பல் ஏறும் இடம் கொச்சி வெல்லிங்டன் தீவு, அங்கே பையையெல்லாம் ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். மது கொண்டுபோகக் கூடாது.

அகத்தி கொச்சியிலிருந்து ஏறக்குறைய 460 கிலோமீட்டர். கப்பலில் ஒரு ராத்திரி, அதற்கு மேல் அடுத்த பகலிலும் பெரும் பகுதி. ஒகேனக்கல் பரிசலில் சின்ன வயதிலிருந்து போனவன், எனக்கெல்லாம் வாந்தி வராது என்று தெம்பாக ஏறினேன். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் படுக்கையில் சுருண்டேன். இங்கேதான் சுகர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையைப் போட்டாயிற்று, சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. மாத்திரை உள்ளே வேலை செய்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. நள்ளிரவு வாக்கில் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த தீவுக்காரப் பெரியவர் பையிலிருந்து வெல்லமும் தேங்காயும் சேர்த்துச் செய்த ஒரு உருண்டையை எடுத்து வாயில் திணித்தார். அதில்தான் பிழைத்தேன். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சாப்பிட முடியாத நாளில் சுகர் மாத்திரையை என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொடி சட்டைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வைத்தால் அந்த நேரத்தில் எழுந்து எடுக்க முடியாது.

கப்பல் தீவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. தீவைச் சுற்றிப் பவளத் திட்டு இருப்பதால் பெரிய கப்பல் உள்ளே வராது, சின்னப் படகுகள் வந்து ஆட்களை ஏற்றிப்போகும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறக்கிறார்கள். கீழே படகு ஒரு ஆள் உயரத்துக்கு ஏறுகிறது, இறங்குகிறது. படகுக்காரர்கள் இரண்டு பேர் நம் இரு கையையும் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடியில் "சாடிக்கோ!" (குதி!) என்று கத்துகிறார்கள். யோசித்தால் படகு கீழே போய்விடும், சொன்னவுடன் கால் வைக்க வேண்டும். என் கையில் ட்ராலி பெட்டி. அதை ஒருத்தர் பிடுங்கி வீசினார், நான் இன்னொருத்தர் மேலேயே விழுந்தேன். முதுகில் மாட்டும் பை மட்டும் கொண்டுபோங்கள். ட்ராலிக்கு அந்த மணலிலும் வேலை இல்லை. தீவுப் பெண்கள் கைக்குழந்தையோடு அதே கதவில் சர்வசாதாரணமாக இறங்கிப் போனார்கள்.

அகத்தி நீளமான, ஒல்லியான தீவு. அகலமான இடத்தில்கூட ஒரு கிலோமீட்டர்தான் வரும். தெற்கு முனையில் விமான ஓடுதளம், இரண்டு பக்கமும் கடல். மேற்கே பவளத் திட்டுக்குள் அடங்கிய அமைதியான தண்ணீர், லகூன் என்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே முதலில் கண்ணில் படுவது குடிநீர்தான். நமக்குக் கிணற்றில் ஃபுளோரைடு, ஒகேனக்கல் திட்டம் வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அவர்களுக்கு மழை நீர் மண்ணுக்கடியில் கடல் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது, அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். சென்னையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2011-ல் அங்கே ஒரு ஆலை அமைத்துக் கொடுத்திருக்கிறது. கடலின் மேற்பரப்பில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்ந்த தண்ணீரால் அந்த ஆவியைக் குளிரவைத்துக் குடிநீராக்குகிறார்கள். வடிகட்டிச் சவ்வு எதுவும் இல்லை. பம்பு, மோட்டார் என்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது, விட்டால் இதைப் பற்றியே எழுதுவேன். இன்னொன்று, தக்காளி. பாலக்கோடு மார்க்கெட்டில் விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறோம். அங்கே காய்கறி கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் வரவில்லையென்றால் குழம்பில் தக்காளி இல்லை. மூன்று வேளையும் சூரைமீன், சலிக்காத சமையல்.

சரி, பவளப்பாறைக்கு வருகிறேன். நான் தங்கிய வீட்டுக்காரரை இக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய சொந்தக்காரப் பையன் படகில் கூட்டிப்போனான். முகமூடியைப் போட்டுத் தலையைக் கவிழ்த்த நிமிஷம் உண்மையிலேயே பேச்சு வராது. உதடு நீலமாக ஒரு பெரிய சிப்பி வாயைத் திறந்து வைத்திருந்தது, என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. கடலாமை ஒன்று என்னைக் கண்டுகொள்ளாமல் கடற்புல் மேய்ந்தது. ஆனால் வீடியோவில் பார்த்த சிவப்பும் ஊதாவும் அங்கங்கேதான். நிறைய இடத்தில் கொம்பு கொம்பான பவளம் ஒடிந்து, சாம்பல் நிறத்தில் பாசி படிந்து கிடந்தது. பவளம் என்பது பாறை இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயிர்கள் கட்டிய வீடு. அவற்றின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது, சாப்பாடும் நிறமும் அதுதான் கொடுக்கிறது. தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றால் உயிர்கள் அந்தப் பாசியைத் துரத்திவிடும், பவளம் வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று இப்படி வெளுத்திருக்கிறது, 2024-ல் மறுபடியும். "அந்த வருஷம் இந்த இடம் முழுக்க வெள்ளை அண்ணா" என்று பையன் காட்டினான். முழு நிறத்தில் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். இருக்கிறது, ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் நான் கரையோரமாகத் தனியாக இறங்கினேன். எங்கள் ஊர்க் கிணற்றில் மேலிருந்து குதித்து நீந்தியவன், நீச்சல் பிரச்சினை இல்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றுவதற்கு மாதக்கணக்காகும், கடலில் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். போகும்போது கழுத்தளவு இருந்த இடம் திரும்பும்போது முழங்கால் அளவு. நீந்தவும் முடியாது, நடக்கவும் கூடாது. ஒரு அலை வந்து திட்டின் மேல் தள்ளியது. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது, சரி செய்ய எழுந்து நின்றேன். கரையிலிருந்து ஒரு சின்னப் பையன் "சவிட்டல்லே! சவிட்டல்லே!" என்று கத்தினான். பவளத்தை மிதிக்காதே என்கிறான் என்று புரிந்து காலை மாற்றினேன். காலைச் சுற்றித் தண்ணீர் கலங்கியிருந்தது, மணல் கிளம்பியிருக்கிறது என்று நினைத்தேன். அது ரத்தம். எனக்கு வலியே தெரியவில்லை. பல வருஷச் சுகரில் பாதத்தில் உணர்ச்சி மந்தம், வீட்டில் செருப்பு கழன்றால்கூடச் சில சமயம் தெரியாது. பவளத்தின் விளிம்பு, பாலிஷ் போடாத கிரானைட் கல்லின் வெட்டு முனை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. இடது உள்ளங்காலிலும் கணுக்கால் பக்கத்திலும் சீவியிருந்தது.

பார்த்தால் சின்னச் சிராய்ப்புதான். துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கால் வீங்கிச் சூடாக இருந்ததும் இக்கா என்னைத் தன் ஸ்கூட்டரில் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இளவயது டாக்டரம்மா, காலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி "ஷுகர் உண்டோ?" உண்டு என்றதும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. உப்புக் கரைசலை பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கழுவி, இடுக்கியால் வெள்ளைத் துகள்களை ஒன்றொன்றாக எடுத்தார். பவளம் கீறினால் அதன் சுண்ணாம்புத் துகள் சதைக்குள் தங்கிவிடும், கடல் நீரில் இருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும், அதனால்தான் லேசில் ஆறாது என்று விளக்கினார். தையல் போடவில்லை, டி.டி. ஊசி, ஆன்டிபயாட்டிக். அப்புறம் பேனாவை எடுத்துக் காலில் சிவந்திருந்த இடத்தின் ஓரமாகக் கோடு வரைந்தார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ ராத்திரியானாலும் வரச் சொன்னார். செலவே இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது, எந்தப் புண்ணுக்கும் உதவும். பவளம் பட்டால் உடனே நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், எரிந்தாலும் பரவாயில்லை, சிராய்ப்பு சின்னது என்று விட்டுவிடாதீர்கள். சுகர் உள்ளவர்கள் கடலுக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் அடிச் ஷூ இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். கொச்சியிலேயே வாங்கிக்கொள்ளலாம், 700, 800 ரூபாய்க்கு மேல் போகாது. கடல் ஏற்றம் இறக்கம் எத்தனை மணிக்கு என்று மீனவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ஷூ போட்டிருந்தாலும் மணல் திட்டு பார்த்துத்தான் நிற்க வேண்டும், மிதித்தால் வருஷத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர் வளர்ந்த உயிர் ஒரு நொடியில் ஒடிந்துவிடும்.

கால் இந்த நிலையில் இருக்கும்போதுதான் அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. மழைக்காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி என்னை ஐப்பசியில் அனுப்பியிருந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கடல் மோசம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அரபிக்கடலில் தாழ்வு உருவாகும். 2017-ல் ஒக்கி புயல் லட்சத்தீவைத் தாக்கியது டிசம்பர் தொடக்கத்தில்தான். என் கப்பல் ரத்து. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் தோள்பட்டையைக் குலுக்குகிறார்கள். அது அலட்சியமில்லை, அவர்களுக்கே தெரியாது. படகு திட்டைத் தாண்ட முடியாதபோது கப்பல் வந்தும் பயனில்லை. ஒரு பக்கம் அனுமதித் தேதி முடிகிறது, தீவு அலுவலகத்தில் டாக்டர் சீட்டோடு எழுதிக் கொடுத்து நீட்டித்தேன். இன்னொரு பக்கம் கையில் பணம் கரைகிறது. காற்றடித்தால் நெட்வொர்க் போய்விடுகிறது, ஜிபே வேலை செய்யாது, ஏடிஎம்மில் பணம் தீர்ந்திருந்தது. இக்கா "பின்னே தந்தால் மதி" (அப்புறம் கொடுத்தால் போதும்) என்றார், அப்படி எல்லா இடத்திலும் ஆள் கிடைக்காது. ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையும் அப்படியே, போகும் நாளுக்கு இரண்டு மடங்கு. என் சுகர் மாத்திரை கடைசி அட்டைக்கு வந்துவிட்டிருந்தது.

ராத்திரி படுத்தால் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டரம்மா வரைந்த கோட்டை ஒரு பக்கம் சிவப்பு தாண்டியிருந்தது. டாக்டரம்மா மருந்தை மாற்றினார். வீட்டுக்காரி போனில் "ஏங்க, கால எடுத்துடுவாங்களாங்க?" என்று அழுதாள். இல்லை என்று அதட்டினேன், அதட்டிவிட்டு நானும் அழுதேன். பாலக்கோட்டில் விரல் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். தெரியாத ஊரில், தெரியாத மொழியில், நாலு பக்கமும் தண்ணீர். அந்த நாட்களில் வந்த பயம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அடுத்து வந்த கப்பலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று தீவுக்காரர்களுக்கே பத்தவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அதுதான் நியாயம், அது அவர்களுடைய பஸ், நமக்கு உல்லாசப் பயணம். கடைசியில் பையன் ஓசூரிலிருந்து உட்கார்ந்து தேடித் தேடி விமானத்தில் ஒரு சீட் பிடித்தான், 12,000-க்கு மேல். சின்ன விமானம், சின்ன ஓடுதளம், அதனால் பையின் எடையைக் கறாராகப் பார்க்கிறார்கள். கொச்சி ஒன்றரை மணி நேரம். எனக்கு முன்னால் நின்றிருந்தவரின் பையில் கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலிக்குச் சமமான பட்டியலில் இருக்கிறது, செத்துக் கரை ஒதுங்கியதையும் எடுத்துவரக் கூடாது.

தர்மபுரி வந்து புண்ணைக் காட்டியபோது உள்ளே இன்னும் ஒரு துகள் இருக்கிறது என்று கீறி எடுத்தார்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. சட்டத்தை மீறி நான் கொண்டுவந்த ஒரே பவளம் அதுதான். கட்டுப்போடப் போய்வருவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது, கால் தப்பியது. ஏஜென்ட் பணம், கூடுதலாகத் தங்கியது, விமானம், மருந்து எல்லாம் சேர்த்து 65,000 வந்தது. கடை பூட்டிக் கிடந்ததில் போனது தனி. எரிந்துபோன சப்மெர்சிபிளைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயி பயிர் காயும்போது எனக்காகக் காத்திருக்க முடியுமா? மாரண்டஹள்ளிப் பக்கத்து வாடிக்கை இரண்டு மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், இன்னும் திரும்பவில்லை.

மறுபடி போவேனா என்றால் போவேன். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், கடல் அடங்கியிருக்கும்போது. போகும்போது கப்பல், வரும்போது விமானம், அந்த டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். கூட ஒரு ஆளும் வேண்டும், பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். ரத்தான கப்பல் டிக்கெட்டின் பணம் ஏஜென்ட் கணக்குக்கு எப்போதோ வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. போன் செய்தால் "அடுத்த வாரம் சேட்டா" என்கிறார்.